முன் இடது

டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுத்தால்தான் கை எட்டுகிறது, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அங்கிருந்து பார்த்தால் நான் வளர்ந்த ஹால் முன்பின் தெரியாத யாருடைய வீடோ மாதிரி இருக்கிறது, தூசி, பல் உடைந்த சீப்பு, எப்போதோ உருண்டு வந்து தொலைந்துபோன ஒரு கேரம் காய், சுவரோடு ஒட்டி இறங்கும் வயர்கள், அவற்றுக்கு அப்பால் சோபாவின் கால்கள், அதற்கு முன்னால் இரண்டு மனிதக் கால்கள். அந்தக் கால்கள் மோகனசுந்தரத்தினுடையவை. அம்மாவின் கணவர். இதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சின்ன இடறல், வாசற்படி இருப்பது தெரிந்தே கால் தடுக்குவது போல. தை மாதம் பதிவு அலுவலகத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், சாட்சிகளில் ஒருவனாக நானும் போட்டேன், பிறகு ஹோட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம், அவர் தன் வடையை எடுத்து என் தட்டில் வைத்தார், நான் சாப்பிட்டேன். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. அம்மா முன்கூட்டியே என்னைக் கேட்டாள், நானும் நல்லதும்மா என்று சொன்னேன், என் குரல் எப்போதும் மெதுவாகத்தான் வரும், அதனால் அன்று எந்த அளவு மெதுவாக வந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அவரை நான் இன்னும் ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் அவர் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து கேட்கிறேன். இப்போதும் அந்த மஞ்சள் நிற வயர் சுருள் எனக்கு வேண்டும், கால்கள் மட்டும்தான் தெரிகின்றன, கால்கள் எப்படித் திரும்பிப் பார்க்கும், நான் டார்ச்சைக் கடித்தபடியே கிடக்கிறேன். அவரே குனிந்தார். பக்கவாட்டில் அவர் முகம் தெரிந்தது, மூக்குக்கண்ணாடி நழுவிக்கொண்டு. "இதுங்களா தம்பி வேணும்?" இதுதான். எப்படியோ அவருக்குத் தெரிந்துவிடுகிறது, அதுதான் தொந்தரவு.

வந்த புதிதில் அவருடைய ஹோம் தியேட்டர் பெட்டி பெட்டியாகப் பால்கனியில் கிடந்தது. காந்திபுரத்தில் பம்ப்செட் கடை வைத்திருந்தவர், கடையைத் தங்கை மகனிடம் விட்டுவிட்டுச் சாயங்காலமானால் படம் பார்ப்பார், அது ஒன்றுதான் அவர் ஆசை என்று அம்மா சொன்னாள், ஒரு மனிதனுக்கு ஒரே ஒரு ஆசை என்று கேட்கும்போது பாவமாகத்தான் இருக்கிறது. ஹாலில் ஏற்கெனவே அப்பாவின் ஸ்டீரியோ இருக்கிறது, இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவில் மரப்பலகை மேல் வெள்ளி நிற ஆம்ப், ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் கொடுக்கும் பெட்டி. வடவள்ளியில் இந்த ஃப்ளாட்டின் ஹால் அவ்வளவு பெரியதில்லை. போன வாரம் அம்மா துணி மடித்துக்கொண்டே, "ரெண்டுல ஒண்ணு லாஃப்ட்டுக்குப் போகணும் கண்ணு, நடக்கவே தடமில்ல" என்றாள். எது என்று சொல்லவில்லை. அவர் உடனே, "என்னுது போகட்டுங்க" என்றார். அம்மா, "அதெப்படிங்க" என்றாள். அவர்கள் இரண்டு பேரும் இன்னும் ஒரே ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் போல ஒருவருக்கொருவர் ங்க போட்டுத்தான் பேசுகிறார்கள், ஆனால் அந்த 'அதெப்படிங்க'வில் எனக்குப் புரிந்துவிட்டது எது மேலே போகும் என்று. லாஃப்ட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், உடைந்த டேபிள் ஃபேன், கொலுப்படிப் பலகைகள், அப்பாவின் ஹெல்மெட். மேலே போனது எதுவும் கீழே வந்ததில்லை. அதனால்தான் சொன்னேன், ரெண்டையும் சேத்துரலாம்மா, சேத்துட்டா அவரோட முன் ஸ்பீக்கர் ரெண்டு வேண்டாம், அப்பாவோடதே போதும். "ஆகுமா அப்படி?" ஆகும். "ஞாயித்துக்கெழம பாரு. ஆகலேன்னா விட்டுரணும், அப்புறம் அதையே புடிச்சுட்டு உக்காரக் கூடாது." இன்று ஞாயிறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவன், இன்னும் எழவில்லை.

சேர்ப்பது பெரிய வித்தையில்லை. அவருடைய ரிசீவர் படத்தின் சத்தத்தை வாங்கி ஐந்து பங்காகப் பிரிக்கும், முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு. முன் இரண்டு பங்கை மட்டும் தானே பேசாமல் ஒரு வயர் வழியாக அப்பாவின் ஆம்பிடம் கொடுத்துவிடச் செய்யலாம், ஆம்ப் அதை வாங்கி அப்பாவின் ஸ்பீக்கர்களில் பேசும். பாட்டு மட்டும் கேட்க வேண்டுமென்றால் ரிசீவரை அணைத்துவிட்டு, ஆம்பும் சிடி பிளேயரும் போதும், முன்பு இருந்ததைப் போலவே. ஒன்றே ஒன்றுதான் சங்கடம், படம் பார்க்கும்போது ஆம்பின் வால்யூம் குமிழ் எப்போதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அதைவிட ஏறிக் கிடந்தால் சத்தம் பிளந்துகொண்டு வரும், ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்தாலும் கிழியும். அதாவது தினமும் சாயங்காலம் அவர் அப்பாவின் ஆம்பைத் தொட்டு அந்தக் குமிழைத் திருப்பியாக வேண்டும். இதை யோசிக்காமல் வாய் விட்டுவிட்டேன். யோசித்திருந்தாலும் விட்டிருப்பேன், லாஃப்ட்டா கையா என்றால் கைதான். அந்த இடத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்றேன், பென்சில் கோடு போட்டால் வெள்ளி மேல் நிற்கவில்லை, அம்மா அடுக்களையிலிருந்து வந்து பார்த்துவிட்டு நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, "இந்தா, இதை ஒட்டு" என்று கொடுத்தாள், போய் வேறொன்று வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அப்பா போனபின் அத்தனை வருஷம் இல்லாமல் இருந்து தையிலிருந்து திரும்பி வந்த பொட்டு, சின்ன மெரூன் பொட்டு, அது இப்போது குமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் குனிந்து பார்த்து, "நல்லா மாட்டிக்கிச்சுங்க ஆம்பு" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "யாரு மாட்டிக்கிட்டதுன்னு அப்புறம் பாக்கலாம்" என்றாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன், டார்ச் வாயில் இருந்ததால் தெரியவில்லை.

பிறகு மைக். ரிசீவரோடு ஒரு குட்டி மைக் வருகிறது, ஆள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் அதை வைக்க வேண்டும், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஊப் ஊப் என்று ஊதிப் பார்த்து, யார் எவ்வளவு தூரம், யார் எவ்வளவு சத்தம் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். உட்காரும் இடம் என்றால் எது? சோபாவின் ஜன்னல் பக்கம் அப்பாவுடையது. மோகனசுந்தரம் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த மூலையில் உட்கார்ந்ததே இல்லை, யாரும் சொல்லவில்லை, கதவுப் பக்கமாகவே உட்காருகிறார், பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவர் போல. தலையணைகளை அடுக்கி மைக்கை அதன் மேல் நிறுத்திக்கொண்டு நான் நின்றேன், இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா. அம்மா, "நடுவுல வையேன், நான் உக்காரக் கூடாதா?" என்றாள். நடுவில் வைத்தேன். அது ஓடும்போது யாரும் பேசக் கூடாது, நகரக் கூடாது, ஃபேன் கூட கூடாது. மூன்று பேரும் நின்றோம், அம்மா அடுக்களை வாசலில் கரண்டியோடு, அவர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு, நான் ஆம்புக்குப் பக்கத்தில். வியர்த்தது. எங்கள் மூன்று பேரின் மௌனத்தையும் அந்த மைக் கேட்டுக்கொண்டிருந்தது, இதற்கு எதைக் கணக்குப் போடும் என்று தோன்றியது. அப்பாரு ஒரு கதை சொல்வார், அப்பாவுடைய அப்பா, ஒரே கிணற்றில் ஒரே கயிற்றில் இரண்டு முனையிலும் வாளி கட்டி இறைத்த அண்ணன் தம்பி கதை, அண்ணன் வாளி மேலே வந்தால் தம்பி வாளி கீழே போகும், தம்பியுடையது வந்தால் அண்ணனுடையது போகும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்த ஒரு நாள் என்னாச்சுன்னா, என்று சொல்லும்போது அவருக்குக் கண் சொருகிவிடும், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். எழுப்பிக் கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. ஊப், ஊப். வலது. நடு. பின். பிறகு டிவியில் எழுத்துகள் வந்தன, வரிசையாகச் சரி, சரி, சரி, மேலே ஒன்று மட்டும் சிவப்பாக. முன் இடது: ஃபேஸ்.

எனக்கு அது என்னவென்று தெரியும், படித்திருக்கிறேன், வயரின் இரண்டு முனைகள் மாறி மாட்டியிருந்தால் வரும், சிவப்பில் போக வேண்டியது கறுப்பில் போயிருக்கும், வலது ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது இடது பின்னால் இழுக்கும். தெரிந்தும் ஒன்றும் தெரியாதவன் போல நின்றேன். "மோட்டாருலயும் ஃபேஸ் மாறும் தம்பி," என்றார் அவர், பேச்சு கிடைத்த சந்தோஷத்தில். "மாறிட்டா பம்பு திருப்பிச் சுத்தும். ஆனாலும் தண்ணி வருமுங்க, அதான் வேடிக்கை, கம்மியா வரும். ஆளுக அப்படியே வருசக்கணக்கா ஓட்டுவாங்க, நம்ம கெணத்துல ஊத்தே அவ்வளவுதான்னு..." அங்கே நிறுத்திக்கொண்டார். இடது ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு என்னை. "இந்த மிஷினு தப்பாவும் காட்டும் தம்பி. சில ஸ்பீக்கருக்குச் சரியா மாட்டியிருந்தாலுமே இப்படிக் காட்டும், புஸ்தகத்துலயே போட்டிருக்கும். ஸ்கிப் குடுத்துட்டுப் போயிருங்க." ரிமோட்டை நீட்டினார். அதில் ஒரு பட்டன், அழுத்தினால் முடிந்தது, சேர்ந்தாயிற்று, லாஃப்ட் இல்லை, அப்பாவின் ஸ்பீக்கர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ரிமோட்டை வாங்கிக்கொண்டேன். அழுத்தவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் யாரையாவது கூட்டி வந்து ஜன்னல் மூலையில் உட்கார வைத்து ஒரு பெண் குரலைப் போடுவார், எப்போதும் அதே சிடி, கண்ணை மூடுங்க என்பார், இப்பச் சொல்லுங்க, பாடறவ எங்க நிக்கறா? வந்தவர் கையை அங்கே நீட்டுவார், இங்கே நீட்டுவார், பிறகு சிரித்துக்கொண்டே தெரியலியே என்பார். அதைத்தான் அப்பா எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். பாத்தீங்களா, எங்கயும் இல்ல, ஆனா ரூமு பூரா இருக்கா, இதாங்க ஸ்டீரியோ. என்னையும் கேட்பார். நானும் கண்ணை மூடிக் கையை நீட்டுவேன், குரல் காதுக்குப் பின்னால், கூரையில், என் தலைக்குள், எங்கும் இருக்கும், உடம்பே இல்லாத குரல். அப்பா போன பிறகு அந்தக் குரலைத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எங்கேயும் இல்லாமல் ரூம் பூராவும் இருப்பது என்றால் என்ன என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. உடம்பில்லாத குரல், அடியில் கனமில்லாத மேளம். ஃபேஸ் மாறினால் அப்படித்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். ஒரு தடவை அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வந்தார், பெயர் நினைவில்லை, மெலிந்த ஆள், வீட்டில் பெரிய செட் வைத்திருப்பதாகச் சொன்னார். அவரையும் உட்கார வைத்தார் அப்பா. அவர் தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார், எழுந்து போய் இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தார். திரும்பி வந்து, "அருமையா இருக்குதுங்க தேவசிகாமணி" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அவர் ஏன் சொல்லவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்திருப்பார், நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், இதோ இவரும் சொல்லவில்லை, ரிமோட்டை நீட்டுகிறார். அப்பாவைச் சுற்றி எத்தனை பேர் நல்ல மனசோடு காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இல்லை, மிஷின் தப்பாகவும் காட்டும். பார்த்துவிட்டால் போகிறது. இடது ஸ்பீக்கர் மூலையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கிறது, வெளியே இழுக்க முடியாது, முன்னாலிருந்து அதன் தலைமேல் கவிழ்ந்து பின்பக்கத்தை எட்டிப் பார்க்க வேண்டும். கவிழ்ந்தேன். தூசி வாசனை, சூடான மர வாசனை. டார்ச் வெளிச்சத்தில் திருகுகள் இரண்டு தெரிந்தன, நிறம் தெரியாத அளவுக்கு அழுக்கு, விரலால் துடைத்தேன், சிவப்பு எந்தப் பக்கம் இருக்கும் என்று வலது ஸ்பீக்கரைப் பார்த்து மனசில் வைத்திருந்தேனோ அந்தப் பக்கம் கறுப்பு இருந்தது. ஒரு கணம் குழம்பிவிட்டேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பார்த்தால் இடம் வலமாகிறது, வலம் இடமாகிறது, அவ்வளவுதான். அப்பாவும் இப்படித்தான் கவிழ்ந்திருப்பார். வயிறு ஸ்பீக்கரில் அழுந்த, கண்ணாடி நழுவ, இருட்டில் கையால் தடவி, வலதில் மாட்டிய ஞாபகத்திலேயே இதையும் மாட்டியிருப்பார், நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு பாட்டைப் போட்டிருப்பார், போட்டதும் அந்தக் குரல் அறை முழுக்கப் பரவியிருக்கும், அவருக்குப் புல்லரித்திருக்கும். வலதில் சிவப்பில் இருந்த செம்பு நிற வயர் இங்கே கறுப்பில் இருந்தது. வெள்ளி நிறம் சிவப்பில். மிஷின் தப்பாகக் காட்டவில்லை. கவிழ்ந்தபடியே இருந்தேன், ரத்தம் தலைக்கு இறங்கி காதில் துடித்தது. இப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது. ஸ்கிப். பம்பு ஓடும், தண்ணீர் வரும். சாயங்காலம் அவர் படம் போடுவார், நடு ஸ்பீக்கர் ஒன்று சொல்ல, இடது அதை இழுக்க, வசனம் ஒரு மாதிரி கோணலாக வரும், அவருக்குக் கேட்கும், அவருக்கு ஃபேஸ் என்றால் என்ன என்று தெரியும், கேட்டுக்கொண்டே கதவுப் பக்கம் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார். நாளைக்கும் சொல்ல மாட்டார். நானும் சொல்ல மாட்டேன். இப்படிச் சொல்லாமல் சொல்லாமல் ஒரு வீடு இறுகிப்போகும். மாற்றினால் அப்பாவின் குரல் போய்விடும், அப்பாவின் குரல் இல்லை, அந்தப் பாடுகிறவளின் குரல், ஆனால் அது அப்பாவினுடையதுதான், அப்பா அதை அவ்வளவு பேருக்குக் காட்டினார். மாற்றிவிட்டால் அவர் தவறிச் செய்தது என்றாகிவிடும். மாற்றாவிட்டாலும் அது தவறிச் செய்ததுதான், எனக்குத் தெரிந்துபோயிற்று, தெரிந்ததை எந்த லாஃப்ட்டில் போடுவது. "தம்பி, எறங்கிருங்க, தலை சுத்தும்," என்றார் அவர். "ஆம்ப ஆஃப் பண்ணுங்க," என்றேன். குரல் ஸ்பீக்கரின் முதுகில் பட்டுத் திரும்பி வந்தது, நான் நினைத்ததைவிடச் சத்தமாக. பட்டன் அமுங்கும் சத்தம் கேட்டது. திருகைத் தளர்த்தினேன். அப்பா இறுக்கியது, நன்றாகவே இறுக்கியிருந்தார்.

இரண்டாவது முறை மைக்கை ஓட்டும்போது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, சத்தம் அதிகம் என்று ரிசீவர் நிறுத்திக்கொண்டது, அம்மா கரண்டியை ஆட்டி, "ஞாயித்துக்கெழம சாயங்காலம் எவனாவது குக்கர் வெப்பானா" என்றாள், வெப்பாங்க என்று அவர் பயபக்தியோடு சொன்னார். மறுபடி. ஊப், ஊப். முன் இடது: சரி. சேர்ந்துவிட்டது. அது அவ்வளவு சாதாரணமாக இருந்தது, அம்மா கரண்டியோடு அடுக்களைக்குப் போனாள். ரிசீவரை அணைத்துவிட்டு அப்பாவின் சிடியைப் போட்டேன். முதலில் மேளம் வந்தது, தரையில் கால் பட்டு வந்தது. பிறகு அவள் பாடினாள், நடுவில், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஆம்புக்குக் கொஞ்சம் மேலே, ஓர் ஆள் உயரத்தில் நின்றுகொண்டு. வாய் எங்கே இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டிவிடலாம். மூச்சு வாங்குவது கேட்டது. நன்றாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை, நன்றாக இருந்தது. மோகனசுந்தரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வந்து நின்றாள். "என்ன பண்ணுன நவநீ? இது வேற மாதிரி இருக்குது." "ஒரு வயர் மாறிக் கெடந்துச்சும்மா. மாத்திட்டேன்." "எப்ப மாறுச்சு?" நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். "மொதல்லருந்தே." "மொதல்லருந்தேன்னா?" "அப்பா மாட்டுனப்பவேம்மா." அம்மா கரண்டியை டிவி ஸ்டாண்டில் வைத்தாள். உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று, அழப் போகிறாள் என்று நினைத்தேன், சிரித்தாள். "அந்த மனுசன், அந்த மனுசன் எத்தனை பேர இழுத்துட்டு வந்து, அய்யோ, எங்கண்ணன மூணு மணி நேரம் எந்திரிக்க விடாம..." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள், மோகனசுந்தரம் தான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாட்டு முடிந்தது. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒரே ஒரு வாட்டி பழையபடி மாட்டு," என்றாள். "தப்பாவா?" "ஆமா. ஒரு பாட்டுக்கு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் அதற்குள் டார்ச்சை எடுத்திருந்தார், ஆம்பை அணைத்துவிட்டு மூலைக்குப் போய்ச் சுவரோரமாகக் கையை நீட்டிப் பின்பக்கம் வெளிச்சம் அடித்தார், "வாங்க தம்பி, இங்க நல்லாத் தெரியுது." கவிழ்ந்தேன். இந்த முறை வேண்டுமென்றே, செம்பைக் கறுப்பில். அம்மாவே ஆம்பைப் போட்டுப் பாட்டை மறுபடி ஓடவிட்டாள், சோபாவில் உட்காரவில்லை, ஹால் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். குரல் போயிற்று, நடுவில் நின்றவள் கரைந்து போய் கூரையிலும் சுவரிலும் என் தலைக்குப் பின்னாலும் ஆனாள், மேளம் மெலிந்தது, அப்பா எங்கோ பக்கத்து அறையில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பது போல இருந்தது, பயமாக இருந்தது, பிறகு பயமாக இல்லை. நான் ஸ்பீக்கர் மேல் கவிழ்ந்தபடியே கேட்டேன், இறங்கத் தோன்றவில்லை. மோகனசுந்தரம் டார்ச்சை அணைக்க மறந்து பிடித்துக்கொண்டிருந்தார், வெளிச்சம் சுவரில் வட்டமாக நின்றது. பாட்டு முழுசும் ஓடியது. "போதும் கண்ணு," என்றாள் அம்மா. "சரியாவே மாட்டிரு. அவரு படம் பாக்கட்டும்." மறுபடி ஆம்ப் அணைந்தது. விரல் நுனி எரிந்தது, திருகின் வரிகள் பதிந்திருந்தன. எனக்குத் தலைகீழாகச் சுவர் மட்டும் தெரிந்தது, அவர்கள் இரண்டு பேரும் பேசுவது பின்னாலிருந்து வந்தது, அவர் கொஞ்சம் இழுத்து, "ஏனுங்க சாந்தாமணி, உங்களுக்கு எதுங்க புடிச்சுது?" என்று கேட்டார். "அத மட்டும் கேக்காதீங்க," என்றாள் அம்மா, கோபமில்லாமல், பழகிய ஒருவரிடம் சொல்வது போல. "செரிங்க," என்றார் அவர். வெளிச்சம் ஆடாமல் இருந்தது. செம்பைச் சிவப்பில் விட்டு, கை நழுவாதபடி சட்டையில் துடைத்துக்கொண்டு, இறுக்கத் தொடங்கினேன்.